புழு முகம் சுளித்த கை

ஸ்தமெனாவுக்குப் பட்டுப்புழு என்றாலே குமட்டும். ஹர்மன்லி நகரத்துக்குப் பக்கத்தில், மே மாதம் பிறந்தால் வீட்டின் நல்ல அறையைப் புழுக்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மனிதர்கள் அடுப்படியில் படுக்கிற ஊரில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இது எத்தனை பெரிய தண்டனை! வெள்ளையாக, கொழகொழவென்று, விரல் தடிமனில் தட்டுத்தட்டாக நெளியும். சளைக்காமல் மெல்லும். அந்த ஈர நாற்றம் துணியில் ஏறும், ரொட்டியில் ஏறும், தயிரைக்கூட விடாது. பன்னிரண்டு வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இலை போட்டாள்.

இந்த வருடம்தான் ஒரு வழி கிடைத்தது. கொட்டகையில் கணவன் தொங்கவிட்டிருந்த புகையிலையைக் கிள்ளி, உள்ளங்கையில் கசக்கிச் சுருட்டி, யாரும் பார்க்காமல் இரண்டு இழுப்பு. நாற்றம் போன இடம் தெரியாது. மாமியார் கேராவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள். அங்கே புகைக்கிற பெண்பிள்ளையைக் கண்டால் காறித் துப்புவார்கள்.

கூடு கட்ட இன்னும் ஐந்தே நாள். புழுக்கள் திடீரென்று தின்பதை நிறுத்தின. தலையைத் தூக்கிக்கொண்டு ஆடின. பழுப்பாக எதையோ கக்கின. தட்டெல்லாம் பிசுபிசுப்பு, பார்க்கவே சகிக்கவில்லை. அந்தக் கூடுகளை நம்பித்தான் நாத்தனார் கிங்காவுக்குக் கல்யாணம் குறித்திருந்தார்கள். வீட்டுப் பட்டில் நெய்த சட்டை இல்லாமல் அந்த ஊரில் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவதில்லை.

கேராவின் கண்ணில் பட்டவள், இலை பறிக்கிற கிங்காதான்.

"பூண்டு தின்னுட்டு இலை பறிச்சியாடி? பூண்டு வாடை புழுவுக்கு ஆகாதுன்னு தெரியாதா? வாயைக் கட்ட முடியலையா?"

"சத்தியமா இல்லம்மா! பூண்டை மோந்துகூடப் பாக்கல."

"புளுகாத. உனக்கு முப்பது வயசு ஆனப்புறம்தான் ஒருத்தன் கேட்டு வந்தான். அவனுக்கும் இன்னைக்கே வேண்டாம்னு சொல்லி அனுப்பிடறேன், போ."

கிங்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஸ்தமெனாவுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. புழு அறைக்குள் போனாள். கிங்காவின் கூடையிலிருந்து ஓர் இலையை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தாள்; பக்கத்தில் இன்னொன்றைக் கையால் வைத்தாள். கக்காமல் மிச்சமிருந்த ஒரு புழு ஊர்ந்து வந்து, அவள் தொட்ட இலையின் ஓரத்தில் வாயை வைத்தது. ருசி தெரிந்ததும் வெடுக்கென்று தலையைத் திருப்பிக்கொண்டு, மற்ற இலையைத் தின்னத் தொடங்கியது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த அசிங்கம் பிடித்த ஜந்துவா என்னைக் கண்டு முகம் சுளிக்கிறது! விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கசப்பு, காறல், பிசுக்கு.

கையைத் தேய்த்துக் கழுவிவிட்டால் கதை முடிந்தது, ஒருவருக்கும் தெரியாது. ஆனால் வெளியே கிங்காவின் விசும்பல் நிற்கவில்லை. ஸ்தமெனா போய் மாமியாரின் மூக்குக்கு நேரே கையை நீட்டினாள்.

"மோந்து பாருங்க அத்தை. பூண்டு இல்ல. இதுதான்."

கேரா மோந்தாள். "சீ! புகையிலையா?"

"உங்க புழு நாத்தம் தாங்கல அத்தை."

"மூக்கை வச்சிருக்கிற எனக்குத் தெரியல, புழுவுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு!" கேரா தரையில் துப்பினாள். "இனி இலையைத் தொட்டே, விரலை ஒடிச்சிருவேன். கிங்கா இலை போடட்டும். நீ புழுக்கையையும் செத்ததையும் அள்ளு. அதுக்கு எந்தக் கையா இருந்தா என்ன."

ஸ்தமெனா தட்டுகளுக்கு அடியில் குந்தி, குழைந்து கிடந்த புழுக்களை வாளியில் அள்ளிப் போட்டாள். கழுவிய கையோடு கிங்கா புது இலை பரப்பினாள். மேலே சில தட்டுகளில் மெல்லும் சத்தம் திரும்பவும் எழுந்தது.

"அண்ணி," என்றாள் கிங்கா, தயங்கித் தயங்கி. "கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன். இப்பதான் திங்குதுங்க."

ஸ்தமெனா வாளியை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.