புறங்கை மண்

விஜயராணிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள், குரல் இறங்கிவிடும். சேதராப்பட்டு கம்பெனியில் பத்து வருஷமாக நானும் அவளும் ஒரே பேக்கிங் மேசை. அந்தக் குரலைக் கேட்டால் சூப்பர்வைசரே வேறு பக்கம் போய்விடுவார்.

எங்கள் ஊர் வாத்தியார் பிரிட்டோ, பழைய கிரேக்க நாடகம் ஒன்றைத் தமிழில் போட ஆள் தேடினார். ராஜாவை எதிர்த்துச் செத்தவனைப் புதைக்கக் கூடாதென்று உத்தரவு. மீறி மண் போடுகிற தங்கைக்குச் சாவு. கதையைக் கேட்டதும் விஜயராணி, "அந்தத் தங்கச்சி நான்தான் சார்" என்றாள். எனக்குப் பயந்தாங்கொள்ளி அக்கா வேஷம். அதற்கு ஒத்திகையே தேவைப்படவில்லை.

நாலு வருஷம் முன்பு அவள் அண்ணன் எழிலரசன் மஞ்சள்காமாலையில் போனான். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவளை வளர்த்தவன். பாடை தெருமுனைக்கு வந்ததும், "பொம்பளைங்க இதோட நில்லுங்க" என்று சித்தப்பா சுப்புராயன் மறித்தார். வழக்கமாம்! அவனுக்கு ஒருவேளைச் சோறு போடாதவனெல்லாம் குழியில் மண் தள்ளினான். அவள் தெருமுனையில் நின்றாள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று அவள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தியவளே நான்தான்.

கோயில் திடலில் நாடகம். மேடை ஏறும் நேரத்தில் சுப்புராயன் வந்தார். "பொம்பள மண்ணு போடறது ஊருக்கு ஆவாது வாத்தியாரே. அந்த சீனை எடுத்துடு."

பிரிட்டோ தலையாட்டினார். ராஜாவை எதிர்த்துப் பேச எங்களுக்கு மூன்று மாதம் சொல்லிக்கொடுத்த மனிதர்!

விஜயராணியின் குரல் இறங்கியது. "ராஜா சொன்னா மீறணும், சித்தப்பா சொன்னா கேக்கணுமா சார்? அந்த சீன் இல்லன்னா நான் வூட்டுக்குப் போறேன்."

பிரிட்டோ மறுபடியும் தலையாட்டினார், இந்தத் தடவை அவளுக்கு. காட்சி தப்பித்தது.

சுப்புராயன் முன்வரிசையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிணமாகக் கிடந்த அண்ணன் வேஷக்காரி மேல் விஜயராணி ஒரு பிடி மண்ணை அள்ளித் தூவினாள். ஆம்பளைகள் பக்கம் சிரிப்பு.

"அடியே, அப்டியா போடுவாங்க?" என்று சுப்புராயன் கத்தினார். "பொறங்கையால தள்ளணும்டி! இதுகூடத் தெரியாம இன்னா நாடகம்?"

பிரிட்டோ தங்கள் சர்ச் கல்லறைத் தோட்டத்து வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அது தப்பென்று சொல்ல எங்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை. எவள் பார்த்திருக்கிறாள்?

விஜயராணி நிமிர்ந்தாள். அந்தத் தாழ்ந்த குரல் மைக்கில் திடல் முழுக்கக் கேட்டது.

"எனக்கு எப்டித் தெரியும் சித்தப்பா? எங்கண்ணனத் தூக்கினு போனப்ப, நீதான தெருமுனையிலயே நிறுத்திட்ட?"

சிரிப்பு நின்றது. அவள் குனிந்து, புறங்கையால் மண்ணைத் தள்ளினாள்.

அந்தக் காட்சியில் அக்கா எட்டத்தில் நின்று அழ வேண்டும். நான் நிற்கவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நானும் தள்ளினேன்.