புள்ளியைத் தாண்டிய குமிழ்

என் அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். தேய்க்கும் முன் லென்ஸின் நடுவில் ஒரு புள்ளி வைப்பான். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. அவனுடைய கிதார் ஆம்ப்ளிஃபயரில் மூன்று சேனல்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குமிழ்கள். ஒவ்வொரு குமிழும் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதை மயிரிழைகூடத் தாண்ட மாட்டான். பிடிவாதத்தில் எங்கள் அப்பாவை அப்படியே உரித்து வைத்தவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டாவது சேனலுக்கு மாற்றி ஒரே ஒரு தந்தியை மீட்டினான். ஒலி அடங்கவில்லை. திரைச்சீலைக்குள் நுழைந்து, சமையலறைவரை உலாவி, ஏதோ பெரிய மண்டபத்திலிருந்து வருவதுபோல் நிதானமாகத் திரும்பி வந்தது. நான் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே மிதந்தேன். அவன் குனிந்து பார்த்தான். எதிரொலிக் குமிழ் புள்ளியை விட்டு வெகுதூரம் போயிருந்தது.

"யாரு இதத் திருகினது?"

அண்ணி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "நான்தான். உங்க பழைய மைக்க சொருகிப் பாடுவேன்."

"நீ பாடுவியா? எப்போ?"

"நீங்க கடைக்குப் போனப்புறம், தினமும். முடிச்சதும் புள்ளிக்கே திருப்பி வெச்சிடுவேன். நேத்து மறந்துட்டேன்."

அண்ணன் அவளுடைய நகப்பூச்சைத் தேடி எடுத்துவந்து, குமிழ் நின்ற இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்து, காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தான்.