கல்லறை மேல் கொதித்த சோறு

தொண்ணூறுகளின் ஒரு கோடை. என் இளைய மகனுக்கு முடியிறக்க, மதுரையிலிருந்து திருச்செந்தூருக்கு மாமியாரோடு வாடகை வேனில் கிளம்பினோம். சமையலும் தூக்கமும் வேனோடுதான். கங்கைகொண்டான் பக்கம் நிழலைப் பார்த்து நிறுத்தி, அங்கிருந்த கல்மேடையில் அடுப்பைப் பற்றவைத்தேன்.

சோறு பாதி வெந்த பிறகுதான் அரசுப் பலகையைப் படித்தேன். பாளையக்காரர் போரில் இறந்த வீரர்களின் கல்லறைகள்! கோயிலுக்குப் போகிற வழியில் இப்படியொரு தீட்டா? மாமியாரிடம் சொன்னால் பயணமே நின்றுவிடும். வாயை மூடிக்கொண்டு பரிமாறினேன்.

அதற்குள் காவலாளி வந்துவிட்டார். "என்னம்மா, சமாதி மேலயா அடுப்பு வச்சிருக்கீய?"

மாமியார் இலையிலிருந்து நிமிராமலே பதில் சொன்னார்.

"தெரியும் அண்ணாச்சி. பிள்ளைய பசி தாங்காதுவ. முதல் சோறு அவுகளுக்குத்தான் வச்சேன்."

திரும்பிப் பார்த்தேன். கல்லின் தலைமாட்டில், வாழையிலைத் துண்டில் ஒரு பிடி சோறு. காவலாளி போய், எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்.

வேனில் ஏறியதும் மாமியாரிடம் மெல்லக் கேட்டேன். "எப்ப அத்தே பலகையைப் படிச்சீய?"

"இறங்கினதுமே படிச்சிட்டேன்ளா. உனக்குத் தெரிஞ்சா அடுப்பை அணைச்சிருவியோன்னு பயந்துட்டேன்."

பத்து வருடமாக அவருக்குப் பயந்தே குடும்பம் நடத்தியவள் நான். திருச்செந்தூர் வரை அவர் தோளில் சாய்ந்து தூங்கினேன்.