கவரேஜ் மேட்டில் ஒரு ஞாயிறு

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் போன் பேச வேண்டுமென்றால் மலையின் உச்சிக்கு ஏற வேண்டும். கீழே சிக்னல் இல்லை. உச்சியில் ஒரு மொட்டைப் பாறையும் ஒற்றை யூக்கலிப்டஸ் மரமும் இருக்கின்றன. கவரேஜ் மேடு என்பார்கள். பதுளையில் போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் நான் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வீட்டில் இருப்பேன்.

அது ஐப்பசி மாதம். லயத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அத்தையோடு மேட்டுக்குப் போனேன். அவருடைய மகள் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்கிறாள். அந்த வீட்டு மேடம் ஞாயிறு நாலு மணிக்குக் கால்மணி நேரம் தன் போனைக் கொடுப்பார். போன வாரம் பேசியபோது மகளுக்குக் கடும் காய்ச்சல். அதன்பின் செய்தி இல்லை.

மூன்றரை மணிக்குப் பெரகல ஊர்ப் பக்கம் வானம் இருட்டி மின்னியது. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குவது என் வழக்கம். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். இருபத்தைந்தில் கேட்டது. அத்தை போனை அணைத்து, பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு மரத்தடிக்குப் போனார். எங்கள் தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான். போன்தான் இடியை இழுக்கும் என்று அதை அணைத்துவிட்டு, இடி விழக்கூடிய இடத்திலேயே நிற்பார்கள்.

"போன் ஆஃப்லதானே இருக்கு. நாலு மணிக்குப் போட்டுக்குவேன். படிச்ச புள்ளைக்கு இம்புட்டு நடுக்கமா?"

"இடி போனைத் தேடி வராது அத்தை. இந்த மரத்தைத் தேடித்தான் வரும். கீழ போயிருவோம்."

"இன்னைக்கு விட்டா அடுத்த ஞாயிறுதான். அவ எப்படி இருக்கான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

அடுத்த மின்னலுக்குப் பன்னிரண்டுவரைதான் எண்ண முடிந்தது. அவர் வராவிட்டால் நானும் அங்கேயே நிற்கப்போவதாகச் சொன்னேன். என் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது என்று முணுமுணுத்தபடி அத்தை இறங்கினார்.

நாலு மணி லயத்துக்குள்ளேயே கடந்தது. அம்மா கொடுத்த தேநீரை அத்தை தொடவில்லை. கடைசி இடிக்குப் பிறகும் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றபோது என்னை நன்றாகத் திட்டினார்.

ஐந்தேகாலுக்கு மேட்டில் போனைப் போட்டோம். மகள் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். காய்ச்சல் விட்டுவிட்டதாம், இரண்டு நாளாக வேலை செய்கிறாளாம், போனை ஏன் அணைத்து வைத்தீர்கள் என்று கேட்டிருந்தாள். அத்தை அதை நான்கு முறை கேட்டார். பதில் பேச எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினேன்.

"இனிமே காலையில பத்து மணிக்குப் போன் எடுக்கலாமான்னு மேடத்துக்கிட்ட கேட்டுப் பாரு. சாயந்திரம் இங்க இடி. எனக்கொண்ணும் பயமில்ல, பக்கத்து வீட்டுப் புள்ளதான் பயப்படுது."