முதிவாவின் த்சேயு

பிக்கிட்டா குன்றுகளுக்குக் கீழே, கறையான் புற்றிலிருந்து ஓடைக்கரை வரை நீளும் நிலம் முதிவாவுடையது. கல்யாணமான இரண்டாம் மழைக்கு அவள் கணவன் கோண்டோ மண்வெட்டியால் கோடிழுத்து, "இது உன் த்சேயு" என்றான். மனைவிக்கென்று பிரித்துக் கொடுக்கும் நிலத்துக்கு அந்தப் பெயர். மக்காச்சோள வயல் கணவனுக்கு. த்சேயுவில் விளையும் கடலை அவளுக்கு. கேட்காமல் ஒரு செடி பிடுங்கினால் கணவனே ஆனாலும் கோழி தரவேண்டும். மாமியாரின் மாமியார் காலத்திலும் அப்படித்தான். அந்தக் கடலையிலிருந்து முதிவா ஆடு வாங்கினாள், ஆடுகளிலிருந்து ஒரு பசு.

கோண்டோ இறந்த வருஷம், மழைக்கு முன், அவன் தம்பி டகவிரா ஏரோடு வந்து நின்றான்.

"அண்ணன் நிலமெல்லாம் எனக்குத்தானே அண்ணி. இதுவும்தான்."

வழக்கு ஊர்த்தலைவரிடம் போனது. முஹாச்சா மரத்தடியில் ஆண்கள் முக்காலிகளில், பெண்கள் தரையில். ஆண்கள் கூட்டத்தில் முதிவா வாய் திறந்ததே இல்லை.

"எங்கப்பா காடு வெட்டித் திருத்தின மண்ணுங்க" என்றான் டகவிரா.

"நீ என்னம்மா சொல்றே?" என்றார் தலைவர்.

முதிவா உள்ளங்கை குவித்து மெல்லத் தட்டி வணங்கினாள். "தம்பியை ஒண்ணு கேக்கணும் ஐயா. உங்க அண்ணன் ஒருநாள் என்னைக் கேக்காம ஒரு கை கடலை பிடுங்கினாரே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அபராதக் கோழியை யாரு தம்பி பிடிச்சுக் குடுத்தது?"

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. "அதைத் துரத்திட்டுப் போயி ஓடையில விழுந்தானே" என்றாள் ஒருத்தி.

டகவிரா தலையைச் சொறிந்தான். "நான்தான். தொடைக்கறியும் எனக்குத்தான் குடுத்தாங்க."

"நிலம் அண்ணனோடதுன்னா, அண்ணன் எதுக்குப்பா கோழி குடுத்தான்?" என்றார் தலைவர்.

வழக்கு அதோடு முடிந்ததென்று தலைவர் எழுந்துவிட்டார்.

மறுநாள் மழை பெய்தது. முதிவா த்சேயுவில் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தாள். டகவிரா மாடுகளோடு வந்து, கோண்டோ இழுத்த கோட்டுக்கு வெளியே நின்றான்.

"உள்ள வரலாமா அண்ணி? நாலு சால் ஓட்டித் தரேன்."

அவள் பிடித்த வரிசையைக் கொத்தி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"வாங்க தம்பி. கோழி கைவசம் இருக்குல்ல?"