அக்கா வீட்டுக் கிணற்றில் உப்பு

மீனாட்சிபுரம் பக்கம் எங்கள் தோப்பை ஒட்டிப் போகும் ஆறு, பாரதப்புழையில் சேர்ந்து பொன்னானியில் கடலில் கலக்கிறது. அந்தக் கழிமுகத்துக்கு அருகில்தான் அக்காவைக் கட்டிக்கொடுத்தோம். மச்சானுக்கு டீக்கடை. பாலுக்கு அலைய வேண்டாமே என்று எங்கள் தொழுவத்தில் பிறந்த கிடேரி ஒன்றையும் வேனில் ஏற்றி அனுப்பிவைத்தோம்.

இந்தக் கோடையில் அக்கா வரச்சொல்லிப் போனேன். கிடேரி பசுவாகியிருந்தது, ஆனால் விலா எலும்பை எண்ணிவிடலாம். வாளித் தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், குமட்டியது. மேலேயிருந்து ஆறு வராததால் கடல் ஏறி வந்து கிணறெல்லாம் உப்பாகிவிட்டதாம். லாரித் தண்ணீர் மனிதர்களுக்கே பற்றவில்லை.

“ஏந்தம்பி, நம்மூர் ஆத்துல தண்ணி போகுதா?” என்று அக்கா கேட்டாள்.

போன வாரம்தான் ஆற்றின் குறுக்கே மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தேக்கி மோட்டார் வைத்திருந்தேன். நான் மட்டுமா, கரை நெடுக எல்லாரும்தான் செய்கிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வது வழக்கம். அவள் முகத்துக்கு நேரே அது வாயில் வரவில்லை.

“எங்கீங்க்கா, பாறைதானுங்க தெரியுது. மாட்டுக்கே தண்ணி இல்லீங்க.”

அக்கா பசுவின் கழுத்தைத் தடவியபடி நின்றாள்.

“இவளை உன்கூட அனுப்பலாம்னுதான் வரச்சொன்னேன். அங்கயும் இல்லீன்னா நீ என்ன பண்ணுவே, பாவம்.”

மச்சானுக்குப் போன் போட்டாள். மதியத்துக்குள் அடிமாட்டு வண்டி வாசலில் வந்து நின்றது. பொய் சொன்னேன் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பசு என்னோடு ஊருக்கு வந்திருக்கும். மானம் போகுமே என்று வாயை மூடிக்கொண்டேன். பலகையில் ஏற அதற்குத் தெம்பில்லை. பின்னாலிருந்து தள்ளிவிட்டவன் நான்தான். இதைவிட ஈனமான காரியம் என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை.

கிளம்பும்போது அக்கா ஒரு கேன் நிறைய லாரித் தண்ணீரைக் கையில் கொடுத்தாள். வேண்டாமென்றேன், விடவில்லை.

“தண்ணியில்லாத ஊருக்குப் போறே. கொண்டுட்டுப் போ சாமி.”

சாயங்காலம் வீடு சேர்ந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி நிரம்பி வாசல்வரை வழிந்திருந்தது. அந்தப் பசுவின் தாய் தொட்டியில் வாயை வைத்து நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது. கையிலிருந்த கேனை எங்கே இறக்கி வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.