கம்பியின் அந்தப் பக்கம் யாரு?

காலையில் கம்பிகளை எழுப்புவது என் வேலை. எழுபதுகளில் பென்னாகரம் டெலிபோன் எக்சேஞ்சில் நான் ஆபரேட்டர். காட்டோரத் தபாலாபீஸ்களுக்கு ஒவ்வொன்றாக மணியடித்து, லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பிக்குள் காற்று இருக்கும், புளியங்கிளை உரசும், எங்கோ பெய்கிற மழைகூட இருக்கும். மனுசக் குரல்தான் சில நாள் இருக்காது.

குரல் வந்தாலும் போதாது. எடுத்தவர் போஸ்ட்மாஸ்டர்தானா என்று தெரிய, அந்த மாதத்து ரகசியச் சொல்லைக் கேட்க வேண்டும். சரியாகச் சொன்னால்தான் வந்திருக்கும் தந்தியை வாசிப்பேன். அந்த மாதம் ‘கருப்பட்டி’.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில், மேகம் கறுத்தாலே லைன் படுத்துவிடும். போனைப் பிடுங்கி வேறு ஊருக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க, சேலத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். அந்த ஊர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரியைக் கூப்பிட வேறு வழி கிடையாது. அன்றைக்கென்று பார்த்து போஸ்ட்மாஸ்டர் மச்சான் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். தபாலாபீஸ் அவர் வீட்டிலேயே இருந்ததால், அவர் இல்லாவிட்டால் சம்சாரம்தான் எடுப்பார். அந்தம்மாவுக்குச் சொல் தெரியும், சட்டப்படி தெரியக்கூடாது. அந்தம்மா பட்டென்று சொல்லிவிட்டால் போன் போச்சு.

இன்ஸ்பெக்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நான் பக்கத்து ரிசீவரைக் காதில் வைத்தேன்.

“அலோ.”

“ரகசியச் சொல்லைச் சொல்லுங்க.”

“யாரு நீயி? அங்கேருந்து தெனமும் பேசுற பாப்பா எங்க?”

“நான் இன்ஸ்பெக்டர்மா.”

“போன வாரம் ஒருத்தன் தாசில்தார்னான். வூட்டுக்கு வா, மொகத்தப் பாத்துட்டுச் சொல்றேன்.”

டொக்.

மறுபடி மணி.

“மறுபடியும் நீதானா? பெரிய ஆபீசருன்னா உனக்குத் தெரிஞ்சிருக்கணுமில்ல? நீயே மொதல்ல சொல்லு.”

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவர்ப் பல்லியைப் பார்த்தேன்.

“கருப்பட்டி” என்றார், கோயிலில் மந்திரம் சொல்வதுபோல.

“காதுல வுழல.”

“கருப்பட்டிம்மா.”

“காத்துதான் கேக்குது.”

எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்க, “கருப்பட்டீ! கருப்பட்டீ!” என்று கத்தினார். ஜன்னலுக்கு வெளியே டீக்கடை. “சார், நம்ம கடையில சக்கரதாங்க. அது சந்தையில கெடைக்கும்” என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

கம்பியில் குரல் கனிந்தது. “இப்பச் சரிங்க. ஆனா அவரு ஊர்ல இல்ல. நாளைக்குப் பேசுங்க.”

டொக்.

இன்ஸ்பெக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போஸ்ட்மாஸ்டர் இல்லை என்று எழுதினால், ரகசியத்தை பஜாருக்கே கூவியது யார் என்பதையும் எழுத வேண்டும். பேனா ரொம்ப நேரம் அந்தரத்தில் நின்றது. கடைசியில், ‘லைன் நலம். அந்நியர் உள்ளே நுழைய வழியில்லை’ என்று எழுதிவிட்டு, சொல்லை உடனே மாற்றச் சொல்லி பஸ் ஏறினார். போன் அந்த ஊரிலேயே தங்கியது.

மறுநாள் காலை மணியடித்தேன். வெகுநேரம் கழித்து போஸ்ட்மாஸ்டர் குரல், கெஞ்சலாக வந்தது.

“ஏம்மா, ஒரு ஒத்தாச பண்ணுங்க. நான்தான் போஸ்ட்மாஸ்டர்னு இவகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. போன எடுக்கவே வுடல, இப்பவும் புடுங்கப் பாக்குறா.”

பின்னாலிருந்து அந்தம்மா: “பாப்பா சொல்லட்டும், பாக்கலாம்.”